அரண்மனை அடுப்புக்கு அரக்கு முத்திரை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குத் தலைவலி வந்தால் நாடு முழுவதும் பற்றுப் போட்டுக்கொண்ட காலத்தில், மகுடவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர். காரணமில்லாமல் யாரையும் தண்டிக்க மாட்டார். காரணம் கிடைத்தாலும் ஒருமுறை யோசிப்பார். அவருக்கு இருந்த ஒரே பலவீனம் கடைத்தெருப் பலகாரம். மாதம் ஒருமுறை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாறுவேடத்தில் நகரைச் சுற்றிப் பார்க்கப் போவார். குடிமக்களின் குறைகளை அறிய என்பது பேர். குறைகளை அறிந்ததைவிட வடைகளை அறிந்ததே அதிகம்.

அப்படி ஒருநாள் போனவர் ஒரு வண்டிக்காரனிடம் ஏழு வடை சாப்பிட்டார். அரண்மனைக்குத் திரும்புவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று வைத்தியர்கள் நான்கு நாள் போராடி அவரை எழுப்பினார்கள். விசாரித்ததில், வடை பொரித்த எண்ணெயில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் கலந்திருந்தது தெரிந்தது. வண்டிக்காரன் அன்றைக்கே ஊரைவிட்டு ஓடிவிட்டான்.

ராஜா படுக்கையில் எழுந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"இனி என் நாட்டில் கடையில் சாப்பிட்டு ஒருவருக்கும் வயிறு வலிக்கக் கூடாது. அதற்கு வேண்டியதை எழுதும்!"

இதைக் கேட்டவர் மாதவராயர். அரசாணைகளை ஓலையில் எழுதும் தலைமை அதிகாரி. ஓலைநாயகம் என்பது அவருடைய பதவியின் பெயர். உண்மையாகவே கெட்டிக்காரர், லஞ்சம் வாங்காதவர். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. அவர் எழுதிய ஓலையை வாசித்து முடித்ததும் ராஜா மறந்துவிடுவார். விகடகவி தாண்டவன் சபையில் உளறியதையோ மறுநாளும் நினைத்து நினைத்துச் சிரிப்பார். இது மாதவராயருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மாதவராயர் முதல் ஓலையை எழுதினார். 'சமையல் எண்ணெயும் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயும் ஒரே கடையில் இருக்கக் கூடாது.' இரண்டே வரி. நாடே நல்லது என்றது. ராஜா தம் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

அந்த மாலைதான் வினையாகப் போயிற்று. ஓலை எழுதினால் மாலை விழும் என்று மாதவராயர் புரிந்துகொண்டார். மறுநாள் இன்னொன்று எழுதினார். அடுப்பு எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று ஒன்று. விறகு எத்தனை நாள் காய்ந்திருக்க வேண்டும் என்று ஒன்று. கரண்டிக் காம்பின் நீளம் மூன்று முழம் என்று ஒன்று. மாவு அரைப்பதற்கு முன் ஒரு அதிகாரி பார்த்து முத்திரை வைக்க வேண்டும், அரைத்த பின் ஒருவர், புளித்த பின் ஒருவர். ஒவ்வொரு ஓலையின் தலைப்பிலும் 'மன்னன் முதல் மாடு மேய்ப்பவன் வரை அனைவருக்கும்' என்று எழுதினார். ராஜாவுக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். மீதி ஓலையை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆறு மாதத்தில் ஓலைகள் நானூற்றுப் பன்னிரண்டு ஆயின. வயிற்றுவலி குறைந்தது உண்மை. கடைகளும் குறைந்துவிட்டதே காரணம்.

*

ஒருநாள் காலை தாண்டவன் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கிழக்குத் தெருவில் ஆப்பக்கடை வைத்திருந்த உலகம்மை. அவள் கடை ஆப்பத்தை நகரில் அறியாதவர் கிடையாது. தாண்டவனே வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் சாப்பிடுவான்.

"என்ன உலகம்மை, இந்த நேரத்துக்கு அடுப்பு முன்னால இல்லாம இங்க நிக்கே?"

"அடுப்புக்கு அரக்கு வச்சுட்டாவ அண்ணாச்சி. நேத்து வந்து வாயில பலகைய வச்சு அடைச்சு முத்திரை குத்திட்டுப் போயிட்டாவ. மாவு புளிச்சதைப் பாக்குத அதிகாரி வியாழக்கெழமை மட்டுந்தான் உக்காருவாராம். எம் மாவு திங்கக்கெழமை புளிக்கி. நா என்ன செய்ய? மாவுகிட்டப் போயி, வியாழன் வரைக்கும் பொறுத்துக்கன்னு சொல்லவா?"

"அப்ப இந்த ஓலையெல்லாம் ஒழிஞ்சா நல்லதுங்கே."

உலகம்மை சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படி நா சொல்லல. ராசா சாப்பிட்ட அன்னைக்கு, அதே வண்டியிலதான் எங்க வீட்டுக்காரரும் சாப்பிட்டாரு. மூட்டை எறக்கிட்டு பசியோட போயி நின்னுருக்காரு. ராசாவுக்கு மூணு வைத்தியரு. இவருக்கு நா ஒருத்திதான். நாலாம் நாள் போயிட்டாரு. அந்த எண்ணெய்க்கு ஒரு சட்டம் வேணும் அண்ணாச்சி. ஆனா அந்தச் சட்டமே இப்ப என் அடுப்பை அணைச்சிட்டுன்னா, நா எங்க போயி அழ?"

தாண்டவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

சபையில் மாதவராயர் நானூற்றுப் பதின்மூன்றாவது ஓலையை வாசித்துக்கொண்டிருந்தார். அது வாழையிலையின் அகலத்தைப் பற்றியது. அவர் மூச்சு விட்ட இடத்தில் தாண்டவன் புகுந்தான்.

"மகாராஜா, ஓலைநாயகத்தின் ஓலைகள் எல்லாம் அருமையானவை. அவற்றின்படி நடந்தால் நாட்டில் யாரும் கெட்டுப்போன ஆப்பத்தைத் தின்னவே முடியாது. கெடாத ஆப்பத்தையும் தின்ன முடியாது என்பதுதான் சிறு குறை."

சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. வயிற்றைப் பற்றிய பேச்சில் அவருக்கு விளையாட்டுப் பிடிக்காது.

"என் உயிர் போய் வந்தது உனக்குக் கேலியாக இருக்கிறதா, தாண்டவா?"

மாதவராயர் இந்தத் தருணத்துக்காக ஆறு வருடம் காத்திருந்தவர். கை கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அரசே, வெளியே நின்று குறை சொல்வது எளிது. விகடகவியே ஒரு கடை நடத்திக் காட்டட்டும். பதினைந்து நாள் அவகாசம் தருவோம். பதினைந்தாம் நாள் காலையில் தாங்கள் அந்தக் கடையில் சுடச்சுட ஆப்பம் சாப்பிட வேண்டும். ஆனால் ஒரு ஓலையையும் அவர் மீறியிருக்கக் கூடாது. மீறினால் சிறை. ஆப்பம் தராவிட்டால் அவர் அவதூறு பேசினார் என்று ஆகும். அப்போது சபையை விட்டுப் போய்விட வேண்டும்."

"நல்ல யோசனை. சம்மதமா, தாண்டவா?" என்றார் ராஜா.

"சம்மதம், மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். ஓலைகளில் 'நாட்டிலுள்ள எந்த அடுப்பும்' என்று வருகிறது. எந்த அடுப்பும் என்றால் எந்த அடுப்பும்தானா? அல்லது கடை அடுப்பு மட்டுமா?"

மாதவராயருக்குத் தம் எழுத்தில் யாராவது சந்தேகம் கேட்டால் கோபம் வரும். "எந்த அடுப்பும் என்றால் எந்த அடுப்பும்தான். நான் எழுதிய சொல் ஒன்றுக்கு இரண்டு பொருள் கிடையாது" என்றார்.

"மிக்க நன்றி. அப்படியானால் எல்லா ஓலைக்கும் ஒரு பிரதி வேண்டும்."

பிரதிகளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

*

அரண்மனை வாயிலுக்கு எதிரே தாண்டவன் கூரை போட்டுக் கடை வைத்தான். சமையலுக்கு உலகம்மையை அழைத்துக்கொண்டான். அவள் அடுப்பைக் கிழக்குப் பார்த்துக் கட்டினாள். மூன்று முழக் கரண்டி செய்துகொண்டு வந்தாள். அதைக் கையில் பிடித்துத் திரும்பியபோது தெருவில் போன ஒரு பண்டிதரின் குடுமியில் மாட்டிக்கொண்டது. தாண்டவன் ஓடிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பதினெட்டாவது ஓலையை விளக்கிச் சொல்லி அனுப்பினான்.

பிறகு முத்திரை வாங்கப் புறப்பட்டான். அடுப்பு ஏற்றப் பத்தொன்பது முத்திரை வேண்டும். விறகு அதிகாரி வடக்கு வாயிலில் இருந்தார், தண்ணீர் அதிகாரி தெற்கு வாயிலில். புகை அதிகாரியின் முத்திரை இல்லாமல் சாம்பல் அதிகாரி பேச மாட்டார். சாம்பல் அதிகாரியின் முத்திரை இல்லாமல் புகை அதிகாரி நிமிர்ந்தே பார்க்க மாட்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் தாண்டவனை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். முத்திரைதான் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, நாளு ஓடுது. நீங்க சிரிச்ச முகமாவே திரும்பி வாரீக. அடுப்பு முத்திரைய மட்டும் காணல" என்றாள் உலகம்மை, பத்தாம் நாள்.

"நீ தெனமும் மாவை அரைச்சு வையி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"பாத்துக்கிடுவீகளா, இல்ல சிறைக்குப் போவீகளா?"

"அதுவும் பாக்கத்தான போறோம்" என்றான் தாண்டவன். அன்று மாலை அவன் தொண்ணூற்று மூன்றாம் ஓலையை நான்கு தடவை படித்தான் என்று உலகம்மை பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

பதினைந்தாம் நாள் விடிந்தது. ராஜா ஆப்பத்துக்காக முந்தின மாலையிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டிருந்தார். மந்திரிகள் புடைசூழக் கடைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார். எதிரே அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"ஆப்பம் எங்கே?"

"மகாராஜா, போன வியாழக்கிழமை முத்திரை வாங்கிய மாவு அந்தப் பானையில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் தெருவே காலியாகிவிடும். நேற்று மாலை அரைத்த மாவு இந்தப் பானையில் இருக்கிறது. பொங்கி வந்திருக்கிறது, நல்ல மணம். ஆனால் புளித்ததற்கு முத்திரை இல்லை, அடுப்புக்கும் இல்லை. சுட்டால் குற்றவாளி ஆவேன்."

"ஆக, ஆப்பம் இல்லை!" என்றார் மாதவராயர். அவர் குரலில் இருந்த இனிப்பை ஆப்பத்துக்குத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

"ஆப்பம் இல்லை" என்று தாண்டவன் ஒத்துக்கொண்டான். "ஆனால் ஒரு ஓலையையும் நான் மீறவில்லை. தொண்ணூற்று மூன்றாவது ஓலையைக்கூட. இன்று காலை முழுவதும் அதற்கே சரியாகப் போய்விட்டது. அது என்ன சொல்கிறது என்று ஓலைநாயகமே சொன்னால் நன்றாக இருக்கும்."

தம் ஓலையைச் சொல்லச் சொன்னால் மாதவராயர் தாமதிப்பவர் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்: "'மன்னன் முதல் மாடு மேய்ப்பவன் வரை அனைவருக்கும். நாட்டிலுள்ள எந்த அடுப்பும் உரிய முத்திரைகளின்றி எரியக் கண்டவர் உடனே அதை அணைத்து, வாயை அடைத்து அரக்கு முத்திரை வைக்க வேண்டும். கண்டும் வைக்காதவருக்கும் அதே தண்டனை.'"

"அதேதான். மகாராஜாவை அழைக்க இன்று விடிந்ததும் அரண்மனைக்குள் போனேன். போகும் வழியில் அரண்மனைச் சமையற்கட்டு இருக்கிறது. பதினொரு அடுப்பு. எல்லாம் மேற்குப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. முத்திரை ஒன்றுகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கலாம். துரதிருஷ்டம், பார்த்துவிட்டேன்."

ராஜா மெதுவாக எழுந்தார்.

"என் சமையற்கட்டை என்ன செய்தாய்?"

"அணைத்து, அடைத்து, அரக்கு வைத்துவிட்டேன், மகாராஜா. சமையற்காரர்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓலையைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டார்கள். கரண்டிகளும் முக்கால் முழம்தான் இருந்தன. அதையும் குறித்துக்கொண்டேன்."

பசித்த ராஜாவின் முகம் எப்படி இருக்கும் என்று அங்கிருந்தவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். மாதவராயர் முன்னால் பாய்ந்தார்.

"அரசே, இதோ நானே போய் அந்த அரக்கை உடைக்கிறேன்!"

"தாராளமாக. அரக்கை உடைப்பவருக்கு ஆறு மாதச் சிறை என்று தொண்ணூற்று நான்காவது ஓலை சொல்கிறது. ஓலைநாயகத்துக்குத் தெரியாதது இல்லை" என்றான் தாண்டவன்.

மாதவராயர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் அடுப்பு எரியும். ஆனால் மன்னன் முதல் என்று எழுதிய வரியை எத்தனை சபையில் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்! அந்த வரியைத் தாமே விழுங்க அவருக்கு மனம் வரவில்லை.

"ஓலைநாயகமே, நீர் எழுதியதுதானே? போய்ப் பத்தொன்பது முத்திரையையும் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வாரும். நான் பசியோடு இருக்கிறேன்" என்றார்.

மாதவராயர் பல்லக்கில் புறப்பட்டார். விறகு அதிகாரி எழுந்து வணங்கி, ஒரு கட்டு விறகைக் கொண்டுவந்து காட்டினால்தான் முத்திரை என்றார். பல்லக்கில் விறகு ஏற்ற ஓலையில் இடமில்லை. தலையில் சுமந்தார். தண்ணீர் அதிகாரிக்காகக் குடம் சுமந்தார். சாம்பல் அதிகாரி அவரைப் புகை அதிகாரியிடம் அனுப்பினார். புகை அதிகாரியோ இருக்கையில் இல்லை. இருநூற்று ஏழாம் ஓலைக்குப் பொருள் விளங்காமல், விளக்கம் கேட்க மாதவராயர் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே காலையிலிருந்து காத்திருக்கிறாராம்.

பொழுது சாயும் நேரத்தில் மாதவராயர் திரும்பி வந்தார். கையில் மூன்று முத்திரை. நெற்றியில் கரி. ராஜா தண்ணீரில் நனைத்த அவலையும் வாழைப்பழத்தையும் பகல் முழுவதும் சாப்பிட்டு அலுத்துப்போயிருந்தார். ஒன்பதாவது பழத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"தாண்டவன் சொன்னது அவதூறு அல்ல! கொண்டுவாருங்கள் அந்த ஓலைகளை! எல்லாவற்றையும் கொளுத்துங்கள்! இனி என் நாட்டில் கடைக்காரனுக்கு ஓலையே கிடையாது!"

*

செய்தி நகருக்குள் பரவியது. மறுநாள் காலை சபையில் பூமாலையோடு வந்து நின்றவர் பச்சைமால், எண்ணெய் வணிகர்களின் தலைவர். பெரிய கிடங்கு வைத்திருப்பவர். குரலும் பெரியது.

"மகாராஜா, இன்றுதான் வணிகர்களுக்கு விடிந்தது! வணிகனுக்கு அவன் மனசாட்சியை விட வேறு ஓலை எதற்கு? கெட்ட பொருளை விற்பவனிடம் யார் இரண்டாம் முறை வாங்குவார்கள்? வாங்குகிறவர்களே நல்லது கெட்டது பார்த்துக்கொள்வார்கள். அரசு குறுக்கே வராமல் இருந்தால் போதும்."

ராஜா தலையாட்டினார். ஓலைகளை முற்றத்தில் குவித்தாயிற்று, தீப்பந்தமும் வந்துவிட்டது.

"மகாராஜா, ஒருநாள் பொறுக்க வேண்டும்" என்றான் தாண்டவன்.

ராஜா திரும்பினார். "நீதானே ஓலைகளால் கடை நடத்த முடியாது என்று காட்டினாய்? என்னைப் பட்டினி போட்டாய்?"

"நடத்த முடியாது என்று காட்டினேன். ஓலையே வேண்டாம் என்று சொல்லவில்லை."

"ஓலை இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்!" ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி. நாளை நண்பகலுக்குள் எனக்கு ஒரு வழி காட்டு. கடைக்காரர்களின் அடுப்பும் அணையக் கூடாது, என் வயிறும் வலிக்கக் கூடாது. காட்டாவிட்டால் இந்த ஓலைகளோடு உன் பதவியும் எரியும்."

மாதவராயர் ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் விறகு சுமந்த கழுத்து அவருக்கு இன்னும் திரும்பவில்லை. அதனால் புன்னகை மட்டும் செய்தார்.

மறுநாள் நண்பகல். சபையின் நடுவே உலகம்மை அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உளுந்து மாவு. ராஜாவின் ஆணைப்படி பச்சைமாலின் கிடங்கிலிருந்து பன்னிரண்டு எண்ணெய்க் குடங்களைச் சேவகர்கள் தூக்கி வந்து வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரிக் குடங்கள்.

"வணிகர் தலைவரே, உங்கள் பேச்சு மகாராஜாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது" என்றான் தாண்டவன். "அதனால் உங்கள் எண்ணெயில் பொரித்த வடையைச் சபை முழுவதும் சாப்பிடப் போகிறது. முதல் வடை உங்களுக்கே. எந்தக் குடத்து எண்ணெயில் வேண்டும் என்று நீங்களே காட்டுங்கள். மற்ற குடங்களில் எங்களுக்குப் பொரித்துக்கொள்கிறோம்."

பச்சைமால் மகிழ்ச்சியோடு இறங்கி வந்தார். முதல் குடத்தின் மூடியைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார். இரண்டாவதைத் திறந்தார், மூடினார். மூன்றாவதை விரலால் தொட்டு, விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். இப்படியே ஏழு குடங்களைத் தாண்டினார். எட்டாவது குடத்தில் அவர் முகம் தெளிந்தது.

"இதில் பொரியம்மா. கமகமவென்று இருக்கிறது."

"அருமையான குடம்தான்" என்றான் தாண்டவன். "முதல் ஏழு குடங்களில் என்ன குறை?"

"குறை ஒன்றுமில்லை. அவை விற்பதற்கு" என்றார் பச்சைமால்.

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பரவுவதற்குள் அடுப்புக்கு முன்னால் இருந்த உலகம்மை எழுந்து நின்றாள். அவள் கையிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது.

"ராசா, விக்கிறதுக்குன்னு வச்ச எண்ணெயிலதான் எங்க வீட்டுக்காரரு செத்தாரு. சொடலையாண்டின்னு பேரு. மூட்டை தூக்குதவரு. நீங்க வடை தின்ன அன்னைக்கு, அதே வண்டியில, அதே நேரத்துக்குத் தின்னாரு."

ராஜா அவளையே பார்த்தார்.

"சிவப்புத் துண்டு கட்டியிருந்தானா? இடது காதில் தழும்பு?"

"ஆமா ராசா."

"எனக்குத் துவையல் தீர்ந்துவிட்டது. கேட்காமலே தன் இலையில் இருந்ததில் பாதியை என் இலைக்குத் தள்ளினான். அவன் இறந்துபோனான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை."

யாரும் சொல்லவில்லைதான். நானூற்றுப் பதின்மூன்று ஓலையிலும் அவன் பெயர் கிடையாது.

பச்சைமாலைக் காவலர்கள் அழைத்துப் போனார்கள். பிற்பாடு நடந்த விசாரணையில், அந்த வண்டிக்காரன் எண்ணெய் வாங்கியது அவர் கிடங்கில்தான் என்று தெரிந்தது. அவர் நெடுங்காலம் சிறையில் இருந்தார். அங்கே எதை எதில் பொரித்தார்கள் என்று கேட்கும் வசதி அவருக்கு இருக்கவில்லை.

"தாண்டவா, வழி காட்டு என்றேன். குற்றவாளியைத்தான் காட்டியிருக்கிறாய். வழி எங்கே?" என்றார் ராஜா.

"அதை உலகம்மையிடம் கேட்க வேண்டும், மகாராஜா. எனக்கு ஆப்பம் தின்ன மட்டும்தான் தெரியும்."

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டாள். "எண்ணெ விக்கிதவரு, வாங்குதவ கண்ணு முன்னால அவரு எண்ணெயில ஒரு கை குடிச்சுக் காட்டணும். எந்தக் கொடம்னு அவரு சொல்லக் கூடாது. வாங்குதவதான் கையக் காட்டணும். அப்புறம், சோதனை பாக்க வாரவுக சொல்லாமக் கொள்ளாம வரணும். வியாழக்கெழமைன்னு சொல்லிவச்சா, எல்லாக் கடையும் வியாழக்கெழமை மட்டும் சுத்தமாத்தான் இருக்கும்."

"இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், மகாராஜா" என்றான் தாண்டவன். "எந்தப் புதிய ஓலையாக இருந்தாலும், எழுதியவர் முதலில் ஒரு மாதம் அதன்படி நடந்து பார்க்க வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்கு."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "குவித்திருக்கும் ஓலைகளை எரிக்க வேண்டாம். ஓலைநாயகமும் இந்த அம்மையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும்."

எட்டு நாள் பார்த்தார்கள். தாண்டவன் வேடிக்கை பார்க்கப் போய் உட்கார்ந்திருந்தான். எல்லாம் மடமடவென்று கழியும் என்று அவன் நினைத்தது நடக்கவில்லை. கரண்டி ஓலையை எடுத்ததும் அவன் சிரித்தான். மாதவராயர் தலைகுனிந்தபடி, எண்ணெய் தெறித்துக் கண் போன ஒரு சமையற்காரனைப் பார்த்த பிறகுதான் அதை எழுதினேன் என்றார்.

"அது நெசந்தான் ஐயா" என்றாள் உலகம்மை. "காம்பு கொஞ்சம் நீளமா இருக்கணும். ஒரு மொழம் போதும். மூணு மொழம்னா தெருவுல போறவுக கண்ணுல்லா போயிரும்."

மாதவராயர் முதல்முறையாகத் தம் கையாலேயே ஒரு சொல்லை அடித்துத் திருத்தினார். பாத்திரத்தை வெந்நீரில் கழுவும் ஓலையை எடுத்துவிடலாம் என்றான் தாண்டவன். "கூடாது அண்ணாச்சி, அதச் செய்யாத கடையில நீங்க சாப்பிட்டதுண்டு. எந்தக் கடைன்னு சொன்னா இன்னைக்கு ராத்திரி சோறு எறங்காது" என்றாள் உலகம்மை. அந்த ஓலை நின்றது. அடுப்பின் திசை போயிற்று. மாவுக்கு மூன்று முத்திரையும் போயின. தொண்ணூற்று மூன்றை மாதவராயர் தாமே எடுத்து நெருப்பில் போட்டார். கடைசியில் பதினொரு ஓலைகள் மிஞ்சின.

அரண்மனை அடுப்புகள் எரிந்தன. கிழக்குத் தெருவில் உலகம்மையின் அடுப்பும் எரிந்தது. ராஜா சபை கூட்டி, உலகம்மைக்கு எண்ணெய்ச் சந்தையைச் சோதிக்கும் உரிமையைக் கொடுத்தார். பிறகு தாண்டவன் பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"மகாராஜா, அந்தக் கடையை நடத்தியதில் எனக்கு இடுப்பு போய்விட்டது. அரண்மனையில் வேலை செய்பவர்களுக்கு வருடத்தில் ஒரு மாதம் ஓய்வு என்று ஒரு ஓலை போட்டால் போதும். நாளையிலிருந்தே தொடங்கலாம்."

"எழுதும், ஓலைநாயகமே!" என்றார் ராஜா.

மாதவராயர் எழுத்தாணியை எடுத்தார். அழகாக எழுதினார். வாசித்துக் காட்டினார். பிறகு எழுத்தாணியை உறையில் போட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"எங்கே போகிறீர்?" என்றார் ராஜா.

"ஓய்வுக்கு, அரசே. எழுதியவர் முதலில் ஒரு மாதம் அதன்படி நடந்து பார்க்க வேண்டும், பிறகுதான் மற்றவர்களுக்கு என்று விகடகவியார் விதி வகுத்திருக்கிறார். மீற எனக்குத் துணிவில்லை."

தாண்டவன் இடுப்பைத் தடவிக்கொண்டான். ராஜா ஒரு கணம் அவனைப் பார்த்தார், ஒரு கணம் மாதவராயரின் முதுகைப் பார்த்தார். அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். சிம்மாசனத்தின் கையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் முத்து மாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டு, "போய் வேலையைப் பார்" என்றார்.

மாதவராயர் ஒரு மாதமும் முழுதாக ஓய்வெடுத்தார். அந்த மாதத்தில் நாட்டில் ஒரு ஓலையும் எழுதப்படவில்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் கிழக்குத் தெருவில் ஆப்பத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.